சுருட்டைத் தாடிக்காரர்களின் கழுத்து

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டதும் கழுத்து சுரீரென்று எரிகிற ஆண்கள் நம் ஊரில் ஏராளம். தாடைக்குக் கீழே, தொண்டை முடிச்சைச் சுற்றி, பொரிப்பொரியாகச் சிவந்து கிடக்கும். கேட்டால் உடம்புச் சூடு என்பார்கள், வேர்க்குரு என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ரத்தம் கெட்டுப்போச்சு என்று வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். இளநீரும் மோரும் தாராளமாகக் குடியுங்கள், வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் சவரம் செய்த ஒன்றிரண்டு நாளில் தாடி முளைக்கிற இடத்தில் மட்டும் வருகிற பொரிகளுக்குச் சூடு காரணமில்லை. முந்தாநாள் மழித்த முடி திரும்ப வந்து தோலைக் குத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் எல்லா ஆண்களுக்கும் சுருட்டை முடி. தலையில் இருக்கும்வரை அழகு என்று சொல்வார்கள். அதுவே தாடியாக முளைக்கும்போது கழுத்தைப் படுத்திவிடும். அப்பாவுக்கு இருந்தது, சித்தப்பாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது, இப்போது அக்கா மகனுக்கும் வந்திருக்கிறது. அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். சென்சிடிவ் ஸ்கின் என்று ஒரு வார்த்தையைப் போட்டு கடைக்காரர்கள் விற்கிற பொருள்களில் பாதி இந்தத் தொல்லைக்குச் சம்பந்தமே இல்லாதவை. எது தேவை, எது வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், கழுத்தும் தப்பிக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மழித்த உடனே முகம் சிவந்து, எரிந்து, ஒரு நாளில் தானாக அடங்கிவிட்டால் அது வெறும் ரேசர் எரிச்சல். மழுங்கிய பிளேடு, அழுத்தம், நுரை போதாமை இவைதான் காரணம். நேர்முடிக்காரர்களுக்கும் வரும், சரிசெய்வது சுலபம். மழித்து ஒன்றிரண்டு நாள் கழித்து குருக்கள் கிளம்பி, சிலதில் சீழும் வைத்து, ஆறியபின் கறுப்புத் தழும்பு விட்டுப்போனால் அது வேறு கதை. மருத்துவத்தில் அதற்கு சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே என்று பெயர். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் மிக அதிகம். ஆனால் முடி எங்கே சுருண்டு வளர்கிறதோ அங்கெல்லாம் இது வரலாம், நம் ஆட்களுக்கும் வருகிறது.

சுருட்டை முடி வெளியே வந்தபின் சுருள்வதில்லை. தோலுக்குள் அது முளைக்கிற பையே வளைந்துதான் இருக்கும். பிளேடு அதைச் சாய்வாக வெட்டும்போது நுனி ஊசியாகிவிடுகிறது. அந்த ஊசி வளர்ந்து வெளியே வந்து, தன் சுபாவப்படி வளைந்து, பக்கத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு. மிக ஒட்ட மழித்தால் வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். அது வெளியே வராமலே உள்ளுக்குள் பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். இரண்டிலும் உடம்பு அந்த முடியை முள் ஏறியதாகத்தான் நினைக்கிறது. வீக்கம், சிவப்பு, சீழ் எல்லாம் அந்த முள்ளை வெளியே தள்ளுகிற முயற்சி.

சந்தேகமிருந்தால் நல்ல வெளிச்சத்தில் கழுத்தின் ஒரு குருவை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். குருவின் ஒரு பக்கத்தில் முடி வெளியே வந்திருக்கும், மறுபக்கத்தில் உள்ளே போயிருக்கும், நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வளையம் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சூடு, ரத்தம் என்கிற பேச்செல்லாம் முடிந்தது. ஊசியைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, அந்த வளையத்தை மட்டும் மெதுவாக நிமிர்த்தி விடலாம். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்து முளைக்கிற முடி தோலுக்குள்ளேயே திசைமாறிப் போகும். குருவைக் கிள்ளுவதும் கூடாது. நம் மாநிறத் தோலில் ஒவ்வொரு காயமும் கறுப்பாகத்தான் ஆறும். குரு ஒரு வாரத்தில் போய்விட்டாலும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் இருக்கும். காலர் அழுக்கு, கழுத்து அழுக்கு என்று பலர் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பது இந்தத் தழும்பைத்தான். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும்.

இப்போது ரேசருக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: சுருட்டைத் தாடிக்கு ஐந்து பிளேடு தேவையில்லை.

கிங் கேம்ப் ஜில்லெட் தன் ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஆண்டான 1903இல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அதன்பின் பல பத்தாண்டுகள் உலகம் ஒற்றை பிளேடில்தான் மழித்தது. 1971இல் அதே நிறுவனத்தின் டிராக் 2 இரட்டை பிளேடோடு வந்தது. 1998இல் மாக் 3, பெயருக்கேற்ப மூன்று. 2006இல் ஃப்யூஷன், ஐந்து. இவற்றுக்கெல்லாம் சொல்லப்பட்ட தத்துவம் ஒன்றே: முதல் பிளேடு முடியைப் பற்றி லேசாக வெளியே இழுக்கும், அது திரும்ப உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட முடி ஆமை தலையை இழுத்துக்கொள்வது போலத் தோலுக்குள் போய்விடும். கன்னம் வழவழவென்று இருக்கும். நேர்முடிக்காரருக்கு அது வரம். மேலே சொன்ன இரண்டாவது வழியை மறுபடி படித்துப் பாருங்கள், நமக்கு அது என்ன செய்யும் என்று புரியும். பல பிளேடு ரேசரால் குரு கூடவில்லை என்று காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் மழிக்கும் முறையும் தோல் பராமரிப்பும் ஒழுங்காக இருந்தன. அந்த ஒழுங்கு காலை ஏழரை மணி அவசரத்தில் நம்மிடம் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. ஒற்றை பிளேடில் தப்புக்கு இடம் குறைவு, அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

இதில் இந்தியாவுக்கென்றே நடந்த ஒரு கதை உண்டு. இந்தியர்களுக்காக ஒரு ரேசரைத் தயாரித்த ஜில்லெட், அதை அமெரிக்காவில் எம்ஐடியில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. பிரமாதம் என்றார்கள். இங்கே கொண்டுவந்தபோது சரிவரவில்லை. மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. இங்கே பலர் ஒரு கப் தண்ணீரை வைத்துக்கொண்டு மழிப்பவர்கள். முடி பிளேடுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டது, கப்பில் முக்கினால் போகவில்லை. அதற்குப்பின் ஆய்வாளர்கள் இந்தியாவுக்கே வந்து, வீடுவீடாகப் போய், தரையில் உட்கார்ந்து, மங்கின வெளிச்சத்தில், கையகலக் கண்ணாடியைப் பார்த்து மழிக்கிறவர்களைப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2010இல் வந்த ஜில்லெட் கார்ட். அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். ஒரே ஒரு பிளேடு. அதற்கு முன்னால் தோலை அமர்த்திப் பிடிக்க ஒரு சீப்பு, முடி அடைக்காமல் கழுவ வசதியாகப் பெரிய இடைவெளி. விலையைக் குறைக்கத்தான் ஒற்றை பிளேடு வைத்தார்கள். ஆனால் கழுத்தில் குரு வருகிறவனுக்கு அதுவே தோதாக அமைந்துவிட்டது. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிற அந்த ரேசரை மட்டமாக நினைக்காதீர்கள்.

திருகிப் பூட்டுகிற பழைய மாதிரி ரேசரும் ஒற்றை பிளேடுதான், ஒரு நேரத்தில் ஒரு முனைதான் தோலில் படும். அப்பா காலத்து ரேசர் வீட்டில் கிடந்தால் எடுத்துக் கழுவிப் பயன்படுத்தலாம். பிளேடு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் தலை அசையாது, ஆகவே சாய்வை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருந்தால் சரி. ரேசரின் எடையே போதும், கை அழுத்தம் துளியும் வேண்டாம். பழகுகிறவரை கழுத்தில் நிதானம் அவசியம்.

பிளேடு எத்தனை நாளைக்கு வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். 2020இல் எம்ஐடியைச் சேர்ந்த ஜான்லூக்கா ரோஷோலி, செம் தாசன் முதலானோர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எஃகைவிட 50 மடங்கு மென்மையான முடி, பிளேடை எப்படிக் கெடுக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிளேடு முனை சீராகத் தேய்ந்து மழுங்குகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர்கள் கண்டது வேறு. முடி வளைந்து ஒரு கோணத்தில் முனையைச் சந்திக்கிற இடத்தில், எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத புள்ளிகளில், ஒற்றை முடியே ஒரு சில்லைப் பெயர்த்துவிடுகிறது. ஆக, பழைய பிளேடு என்பது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைப் பல் வரிசை. அது முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 5 முதல் 7 சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றச் சொல்கிறது. அடர்ந்த தாடி என்றால் இன்னும் முன்பே மாற்றுங்கள். இழுக்கிறது என்று தோன்றிய மறுகணமே அந்த பிளேடின் வேலை முடிந்தது. சில ரூபாயில் கணக்குப் பார்க்கிற இடம் இது இல்லை.

ரேசரைவிட முக்கியம் தண்ணீர். காய்ந்த தாடி முரட்டுத்தனமானது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் முடி நீரை உறிஞ்சி இளகிவிடும், வெட்டத் தேவையான விசை நன்றாகக் குறையும். அதனால்தான் குளித்தபின் மழிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நம் வீடுகளிலோ முறை தலைகீழ். சவரம் முடித்தால் குளிக்காமல் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, சாமி அறைக்குள் நுழையக்கூடாது. அம்மாவிடம் இதைப் பற்றி வாதாடிப் பயனில்லை, வாதாடவும் வேண்டாம். ஒரு துண்டைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தாடையையும் கழுத்தையும் மூடி, ஆறினால் மறுபடி நனைத்து மூன்று நிமிடம் வைத்திருங்கள். பிறகு மழித்துவிட்டுக் குளிக்கலாம். குளிக்கும்போது மட்டும் ஒரு கவனம்: புதிதாக மழித்த கழுத்தில் குளியல் சோப்பைப் போடாதீர்கள், வெறும் தண்ணீரே போதும். தோலின் மேற்பரப்பு இயல்பாகக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. சாதாரணக் கட்டி சோப்பு காரம். மழித்த இடத்தில் அது இறங்கினால் எரிச்சல் நாள் முழுக்கப் போகாது.

போர் தண்ணீர் புழங்குகிற வீடுகளில் இன்னொரு சங்கடம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து, வாளி விளிம்பில் படிகிற அந்த வெள்ளைக் கசடாகிவிடும். நுரையில் வழுக்கல் இருக்காது, முகத்திலும் அந்தக் கசடு ஒட்டும். பலர் கிரீமை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், குற்றம் தண்ணீரில் இருக்கும். சவரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிதண்ணீரையோ மழைத்தண்ணீரையோ சுடவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே பழைய கிரீம் வேறு கிரீம் போல நுரைத்து வரும்.

கிரீம், ஜெல், நுரை டப்பா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டியூப் கிரீமைத் தண்ணீர் சேர்த்து பிரஷ்ஷால் குழைத்துப் போடுவது எனக்குப் பிடிக்கும், முடியில் நீர் நிற்கும். குருக்கள் சீழ் வைத்திருக்கும் நாளில் பிரஷ் வேண்டாம், விரலால் தடவுங்கள். வாங்கும்போது பின்பக்கம் திருப்பி மென்தால் இருக்கிறதா, வாசனை சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். ஜில்லென்று இருப்பது குளிர்ச்சி இல்லை, மென்தால் நரம்பை அப்படி உணரவைக்கிறது. எரிச்சல் சுபாவமுள்ள தோலுக்கு இரண்டுமே ஆகாது. புதிதாக வாங்கிய லோஷனை முகத்தில் போடும்முன் முழங்கையின் உட்பக்கம் ஒரே இடத்தில் தினமும் இரண்டு வேளை ஒரு வாரம் போட்டுப் பார்க்கலாம். அங்கே அரிக்காவிட்டால் முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

அக்கா மகன் ஒரு ஹோட்டலின் முன்மேசை வேலையில் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்தான். சட்டைக் காலரில் ரத்தப் பொட்டுகள்.

“மாமா, டெய்லி கிளீன் ஷேவ் பண்ணிட்டுதான் வரணும்னு சொல்லிட்டாங்க. கழுத்தப் பாருங்க.”

“வார லீவு என்னைக்குடா? அதுக்கு முன்னாடி எவ்வளவு முடியுமோ அவ்வளவு மழிக்காம வா.”

முள்முள்ளாகத் தாடியோடு வந்தான். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அவன் விரலாலேயே கழுத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் தடவிப் பார்க்கச் சொன்னேன். எந்தப் பக்கம் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறதோ அதுதான் முடி வளரும் திசை. எந்தப் பக்கம் சொரசொரவென்று எதிர்க்கிறதோ அது எதிர்த்திசை. அக்காவின் புருவப் பென்சிலை வாங்கி, அவன் சொல்லச் சொல்ல அம்புக்குறி போட்டேன். இடது தாடைக்குக் கீழே முடி காதைப் பார்த்துப் போனது. தொண்டை முடிச்சின் வலப்பக்கம் நேராகக் கீழே இறங்கியது. கழுத்தின் அடியில், காலர் உரசுகிற இடத்தில், மேல்நோக்கி வளர்ந்திருந்தது. வலது தாடை மூலையில் ஒரு சுழியே இருந்தது. குருக்கள் எங்கே அதிகமோ அங்கேதான் அவன் இத்தனை நாளும் முடிக்கு எதிராக இழுத்திருக்கிறான்.

“என்ன மாமா, கழுத்துல மேப் போட்டுட்டீங்க?”

“போட்டோ எடுத்து வச்சுக்க. கொஞ்ச நாள்ல கைக்கே மனப்பாடம் ஆயிடும்.”

அம்புக்குறி போகிற பக்கமே ரேசரும் போகவேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தடியில் மேல்நோக்கி, தாடையோரம் காதுப் பக்கமாக. ஒரு விரற்கடைக்கு மேல் நீண்ட இழுப்பு கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரை அலசவேண்டும். இடதுகையால் தோலை இழுத்துப் பிடிக்கவே கூடாது, பிடித்தால் தோலை விட்டதும் முடிநுனி உள்ளே போய்விடும். நுரை போன இடத்தில் மறுபடி ரேசரை ஓட்டக் கூடாது. தேவையென்றால் திரும்ப நுரை போட்டு, அதே திசையில் இன்னொரு முறை, அவ்வளவே. மீசைக்குக் கீழும் முகவாயும் கடைசியில் வைத்துக்கொண்டால் அங்குள்ள தடித்த முடிக்கு ஊற இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

“சொரசொரன்னு இருக்கே மாமா.”

“இருக்கட்டும். தொட்டுப் பார்த்தாதான் தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குத் தெரியாது.”

அந்தச் சொரசொரப்பை விட்டுவைப்பதுதான் இந்த வைத்தியத்தின் உயிர்நாடி. வழவழப்பு வேண்டும் என்கிற ஆசையை விட மனமில்லாதவருக்கு எந்த ரேசரும், எந்த கிரீமும் உதவாது.

சலூனிலும் இதையே சொல்லிவிடுங்கள். முதல் ரவுண்டு முடிந்ததும் நம்மைக் கேட்காமலே மேல்நோக்கி இரண்டாவது ரவுண்டு போடுவது பல கடைகளில் வழக்கம், அதைத்தான் நல்ல சவரம் என்று நினைக்கிறார்கள். “அண்ணே, ஒரே ரவுண்டு போதும், எதிர்த்துப் போடாதீங்க” என்று உட்காரும்போதே சொன்னால் யாரும் வருத்தப்படுவதில்லை. புது பிளேடை உறையோடு ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவதைக் கண்ணால் பாருங்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வு வந்தபின் பிளேடை மாற்றுவது பழக்கமாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் படிகாரக் கல் மாறவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோருடைய கழுத்து வெட்டிலும் அதே கல்தான் தேய்க்கப்படுகிறது. ஹெப்படைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியேயும் 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. படிகாரம் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி அதைப் பொதுவில் புழங்க முடியாது. கல் வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது சொந்தக் கல்லைக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

வீட்டில் தனக்கென்று வைத்துக்கொண்டால் படிகாரம் அருமையான பொருள். மழித்து முடித்து ஈரத்தோலில் லேசாகத் தடவினால் எங்கே சுறுசுறுவென்று பிடிக்கிறதோ அங்கே கை அழுத்திவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை அந்த இடத்தில் லேசாகப் போகலாம். அரை நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், காயவிட்டால் தோல் இறுகி வறண்டுபோகும். பிறகு குளிர்ந்த தண்ணீர், துண்டால் ஒற்றி எடுப்பது, வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர். ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர்ஷேவ் கன்னத்தில் அறைந்துகொள்வது விளம்பரத்தில் வீரமாகத் தெரியும், எரிகிற தோலை இன்னும் உலர்த்துவதுதான் அதன் வேலை. எலுமிச்சம்பழம் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துவிடும், நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஹெல்மெட் வார் அழுந்துகிற இடத்தில் குரு அதிகம் என்றால் வாரைக் கழற்றித் துவைத்துப் போடுங்கள். எத்தனை மாத வியர்வை அதில் ஊறியிருக்கும்!

இனி சொல்லப்போவதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கழுத்தைக் காட்டினால் சீட்டு கேட்காமலே ஒரு ஆயின்மென்ட்டை எடுத்து நீட்டுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. ஸ்டீராய்டு, பூஞ்சைமருந்து, கிருமிமருந்து மூன்றையும் ஒரே டியூபில் கலந்தது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருக்கும். போட்ட இரண்டே நாளில் சிவப்பு அடங்கிவிடும், அதுதான் ஆபத்து. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், மறுபடி போடுவார்கள், விடமுடியாமல் போகும். தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, முகமெல்லாம் பரு வெடித்து வருகிற ஆட்கள் இத்தனை பேர் ஆனதால், இந்தியத் தோல் மருத்துவர்கள் ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று அதற்குத் தனிப் பெயரே வைத்துப் பிரச்சாரம் செய்கிறார்கள். வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால் இன்னும் வம்பு. ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை வடிவம் மாறிப் பரவும், ரேசர் வழியாகத் தாடி முழுக்க ஏறும். தட்டையான சின்ன மருக்களும் அப்படித்தான், மழிக்க மழிக்க ரேசர் போன பாதையில் வரிசையாக முளைக்கும். வட்ட வட்டமாக அரித்தாலும், ஒரே அளவில் தட்டையான பொட்டுகள் வரிசைகட்டினாலும், குரு பெரிதாகி வலித்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் ரேசரைக் கீழே வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது.

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கார்த்திகையில் ரேசரைத் தொடாமல் இருக்கும்போது முதல் பத்து நாள் கழுத்து பயங்கரமாக அரிக்கும், சிலருக்குக் குருகூடக் கூடும். அதைத் தாண்டினால் ஒவ்வொன்றாக அடங்கி, மலைக்குப் போகும் நேரத்தில் தாடிக்குக் கீழே தோல் தெளிந்துவிடும். ஐயப்பன் அருள் என்பார்கள். முடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் உள்ளே மாட்டிய நுனி சுருள் விரிகிற வேகத்தில் தானாக வெளியே வந்துவிடும். முற்றிய குருக்களுக்கு மருத்துவர்கள் சொல்கிற முதல் சிகிச்சையும் நான்கு முதல் ஆறு வாரம் மழிக்காமல் இருப்பதுதான். மண்டல விரதம் 41 நாள், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. மாலை கழற்றிய அன்றே சலூனுக்குப் போய் அத்தனையையும் ஒரே இழுப்பில் வழித்துப்போட்டு, மறுவாரமே பழைய கழுத்தோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கிடைத்தற்கரிய தெளிந்த தோல் அது. டிரிம்மரை எடுத்து ஒரு மில்லிமீட்டருக்குக் குறைத்து, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் குரு அதிகமுள்ளவர்களுக்கு எந்த ரேசரையும்விட டிரிம்மர்தான் விடிவு. முடி தோல் மட்டத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் நிற்கும், நுனி உள்ளே போக வழியில்லை. தலையைத் தோலில் அழுத்தாமல் ஓட்டினால் போதும். அதற்கும் அடங்காதவர்களுக்கு மருத்துவர் அடாப்பலீன், கிளைகாலிக் அமிலம் போன்றவற்றை இரவில் போடத் தருவார். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் லேசர் இருக்கிறது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர்தான் பாதுகாப்பானது, மற்ற சிலவற்றில் தோலே சுட்டுப்போகலாம். கிளினிக்கில் எந்த லேசர் என்று கேட்டு, பதில் வந்தபின் படுக்கையில் படுங்கள். செலவு அதிகம், பல தடவை போகவேண்டும்.

ஆனால் காவல் பணியிலும், செக்யூரிட்டி வேலையிலும், ஹோட்டலிலும் இருப்பவர்களிடம் டிரிம்மர் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தினமும் வழவழவென்று வரச்சொல்கிற மேலதிகாரிக்கு இது நோய் என்றே தெரியாது. அமெரிக்காவில் ஒரு கறுப்பின பீட்சா விநியோக ஊழியரை இதே காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கினார்கள். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாடிக்கையாளருக்குத் தாடி பிடிக்காது என்கிற வாதத்தை ஏற்காமல், அந்த விதி கறுப்பின ஆண்களைப் பாரபட்சமாகப் பாதிக்கிறது என்று சொன்னது. அங்கே ராணுவத்திலும் மருத்துவர் சான்று கொடுத்தால் சவரத்திலிருந்து விலக்கு பல ஆண்டுகள் கிடைத்துவந்தது. இங்கே நாம் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

அக்கா மகன் கேட்டான். தோல் மருத்துவரிடம் போய்ச் சீட்டு வாங்கி, மனிதவள அதிகாரியிடம் கொடுத்தான். இரண்டு வாரம் இழுத்தடித்து, கழுத்தில் மட்டும் டிரிம்மர் போட்டுக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள், கன்னம் மழிக்க வேண்டும். நீங்கள் சீட்டு வாங்குவதாக இருந்தால் வெறுமனே தோல் அலர்ஜி என்று எழுதி வாங்காதீர்கள். நோயின் முழுப் பெயர், பிளேடு சவரம் கூடாது என்ற வரி, ஒரு மில்லிமீட்டர் வரை டிரிம் செய்து வரலாம் என்ற வரி, எத்தனை மாதத்துக்கு என்பது, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். குரு நன்றாகத் தெரிகிற நாளில் கழுத்தைப் போட்டோ எடுத்துச் சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு நகலைக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.